கிழக்கே பார்த்து நின்ற வண்டி

ஜன்னலைச் சாத்திருங்க தம்பி. முன்னால போற லாரிப் புகை அத்தனையும் நம்ம மூக்குக்குத்தான் வருது. பாத்தீங்களா, கறுப்பு. கறுப்புன்னா பயமில்லீங்க, டீசல் சரியா எரியலைன்னு அர்த்தம். ஏர் ஃபில்டரக் கழட்டித் தட்டிப் போட்டாலே பாதி கொறஞ்சிரும். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்லீங்க, நீங்க அமராவதி வரைக்கும் போறீங்க, நான் உடுமலைல எறங்கறேன். அது வரைக்கும் வாயை மூடிட்டு வர எனக்குப் பழக்கமில்ல.

அந்தப் பை கால்ல இடிக்குதுங்களா? இருங்க, நகத்தி வெச்சுக்கறேன். சாஞ்சிரக் கூடாது, உள்ள ஒரு டப்பா இருக்குது. என்ன டப்பான்னு பொறவு சொல்றனுங்க.

நான் அவிநாசி. நூலுக்குக் கஞ்சி போடற சைசிங் மில்லு இருக்குதில்லீங்களா, அதுல பாய்லர் பாத்தவன். முப்பது வருசம் பாய்லர் முன்னால நின்னவனுங்க. சிமினில போற புகையப் பாத்தே உள்ள என்ன எரியுது, எவன் ஈர வெறகப் போட்டான்னு சொல்லிப்போடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு இன்னிக்கு ஊரே கூடிப் புகை பத்திப் பாடம் நடத்துதுங்க. அதத்தான் சொல்ல வர்றேன்.

எனக்குக் கார் இருக்குதுங்க. கார் வெச்சிருக்கறவன் எதுக்கு பஸ்ல இடிபட்டு வர்றான்? வண்டி உடுமலைல மாப்பிள்ளை ஊட்டுல நிக்குது. அதக் கொண்டு வரத்தான் போயிட்டிருக்கேன். பழைய பெட்ரோல் வண்டி. கிலோமீட்டர் கேக்காதீங்க, மீட்டரே களைச்சுப்போய் நின்னுருச்சு. என்ற பொண்ணு மேகலா பொறந்தப்ப, ஆஸ்பத்திரில இருந்து துணில சுத்தி அந்த வண்டிலதான் கொண்டாந்தேன். பள்ளிக்கூடம், காலேஜு, கல்யாண மண்டபம், எல்லாம் அதுலதான். இப்ப அவ மாசமா இருக்காளுங்க. கட்டுச்சோறு ஆக்கிட்டுப் போயி, அவள அதே வண்டில பிரசவத்துக்கு நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். பொறக்கப் போற கொழந்தையையும் ஆஸ்பத்திரில இருந்து அதுலயே கொண்டாரணும். இந்த ஒரே ஆசைதானுங்க எனக்கு. பெரிய ஆசையா சொல்லுங்க?

அந்த ஆசைல மண்ணு விழுந்தது இந்தப் புகையாலதான்.

ஒரு விசயம் கேளுங்க, சிரிப்பு வரும். வேலைல இருந்த வரைக்கும் அந்த வண்டிய நான் திரும்பிப் பாத்ததே கெடையாது. மயில்சாமின்னு ஒரு மெக்கானிக், வருசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்துவான், அவ்வளவுதான். அப்ப துளி புகை வந்ததில்ல. ரிட்டயராகி, தெனமும் காலைல குளிச்சு, சாமி கும்பிட்டு, பானட்டைத் தூக்கி, ஆயில் குச்சிய உருவி, மட்டம் பாத்து, கொறைஞ்சத ஊத்தி, ஒரு கொழந்தையாட்டம் கவனிக்க ஆரம்பிச்சேன் பாருங்க, அன்னில இருந்து பொகைய ஆரம்பிச்சிருச்சு. நன்றி கெட்ட சென்மம். கவனிச்சா ஆகாது போலிருக்குதுங்க.

தெனமும் கொறையுமான்னு கேக்கறீங்களா? தெனமும் கொறையுதுங்களே. குச்சியத் தொடச்சு விட்டு எடுத்தா, கீழ்க்கோட்டுக்கும் கீழதான் நிக்கும். மேல்கோடு வரைக்கும் வர்ற மாதிரி ஊத்துவேன். மறுநாக் காலைல பாத்தா மறுபடியும் கீழ. எங்கதான் போகுதோ.

மொதல்ல வைத்தியம் பாக்க வந்தது எதுத்த ஊட்டு ராமநாதன். பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயரானவரு. மெத்தப் படிச்சவரு. காலைல பல்லு வெளக்கிட்டே வந்து சைலன்சரக் கொஞ்ச நேரம் பாத்தாரு. "வெள்ளைப் புகைங்க. ஹெட் கேஸ்கட் போயிருச்சு. தண்ணி இஞ்சினுக்குள்ள போகுது"ன்னாரு. ரேடியேட்டர்ல தண்ணி ஒரு சொட்டுக் கொறையலைங்க. அதச் சொன்னேன். "அப்ப இனிமேல்தான் போகும்"னுட்டுப் போயிட்டாரு. பேங்குல எப்படிக் கடன் குடுத்தாரோ, தெரியல.

வெள்ளையா நீலமான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? என்ற புதுத் துண்டு, வெள்ளைத் துண்டு, அத சைலன்சர் வாய்ல புடிச்சு எங்க ஊட்டுக்காரியை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொன்னேன். துண்டெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. அப்பவே தெரிஞ்சு போச்சு, இது நீலம், ஆயில் எரியுதுன்னு. எங்க ஊட்டுக்காரி சரசு எறங்கி வந்து துண்டப் பாத்துட்டு, "ஏனுங்க, இத ஊற வெச்சு நான் தொவைக்கவா, நீங்களே தொவைச்சுக்கறீங்களா"ன்னு கேட்டா. ஆராய்ச்சிக்கு எங்க ஊட்டுல கெடைக்கற மரியாதை அவ்வளவுதானுங்க.

மயில்சாமி கிட்டக் கொண்டு போனேன். "அண்ணா, ஸ்டார்ட் பண்ணறப்ப குப்புன்னு வருதா, மேடு ஏறறப்ப வருதா"ன்னு கேட்டான். ஸ்டார்ட் பண்ணறப்ப வந்தா வால்வு சீல், மேட்டுல வந்தா ரிங்காம். எப்பவும் வருதுப்பான்னேன். அப்ப மொதல்ல சீல் மாத்தலாம்னான். சரி மாத்து, ஆனா ஒண்ணு, ஆயில் மட்டத்துல மட்டும் கை வெக்காதே, அது என்ற டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லிப்போட்டேன். அவன் சீல் மாத்தினான், நான் சொன்னதையும் கேக்காம பழைய ஆயில வடிச்சிட்டுப் புதுசா அளந்து ஊத்திக் குடுத்தான். புகை நின்னுருச்சு. ஊட்டுக்குக் கொண்டாந்து ஒரு வாரம் ஆகலைங்க, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு.

மறுபடி கொண்டு போனா, "ரிங் போயிருக்கும்ணா. இஞ்சின எறக்கணும்"கறான். அவன் கடைல நல்லா இருக்குது, என்ற ஊட்டுக்கு வந்தாத்தான் பொகையுது. அப்ப கோளாறு எதுல? அவன் வேலைலதான? சின்னக் கொழந்தை சொல்லிரும்.

ஆறாம் மாசத்துல மேகலா ஒரு சனிக்கெழமை வந்திருந்தா. காலைல நான் பானட்டத் திறந்து ஊத்திட்டிருக்கேன், காபி டம்ளரோட வந்து பக்கத்துல நின்னா. நின்னு, வண்டியப் பாத்தா, கேட்டப் பாத்தா. "அப்பா, வண்டி மேட்டுல நிக்குது"ன்னா.

எங்க ஊடு கொஞ்சம் ஒசரமாக் கட்டினதுங்க, மழைத் தண்ணி வரக்கூடாதுன்னு. கேட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் நல்ல சரிவு. வாசல் மேக்கே பாத்த வாசல். கட்டறப்பவே எங்க மாமனாரு, மேக்கு வாசல் ஆகாதுன்னாரு, எடம் அப்படி அமைஞ்சு போச்சு. சரி, ஊடுதான் மேக்கே பாக்குது, வண்டியாவது கிழக்கே பாத்து நிக்கட்டும்னு நான் மூக்கை மேல வெச்சு ஏத்தித்தான் நிறுத்துவேன். சூரியன் மொதல்ல வண்டி முகத்துல படணும். அதுல என்ன தப்புங்க?

"மூக்கு மேல இருந்தா ஆயில் எல்லாம் பின்னாடி போயிரும்ப்பா. குச்சி முன்னாடி இருக்குது. அதுல கொறைச்சலாத்தான் காட்டும். ரோட்டுல சமமா நிறுத்திப் பாருங்க, சரியா இருக்கும். நீங்க தெனமும் ஊத்தி ஊத்தி ஜாஸ்தியாப் போயிருச்சு, அதான் பொகையுது"ங்கறா. பி.காம். படிச்ச புள்ளைங்க. கணக்குப் போடச் சொன்னாப் போடும். இஞ்சினப் பத்தி அதுக்கு என்னங்க தெரியும்? சரசு வேற சமையல் கட்டுல இருந்துட்டே, "மாவுச் சட்டியச் சாய்ச்சு வெச்சாலே தெரியுமே, இதுக்கு எதுக்குப் படிப்பு"ங்கறா. தாயும் மகளும் சேந்துட்டாங்கன்னா அப்புறம் நமக்கு ஏது வாயி.

முப்பது வருசம் மட்டம் பாத்தவனுங்க நான். எனக்கு மட்டம் சொல்லித் தர்றாங்க.

தம்பி, பாய்லர்ல கேஜ் கிளாஸுன்னு ஒண்ணு இருக்கும். கண்ணாடிக் குழாய். உள்ள தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு அதுல தெரியும். அதுல தண்ணி ஏறலாம், எறங்கக் கூடாது. எங்க மில்லுல அடுத்த ஷிப்டுல செல்லமுத்துன்னு ஒருத்தன். பீடி பத்த வெக்கப் போனவன் பேச்சுல நின்னுட்டான். தண்ணி எறங்கிப்போச்சு, கண்ணாடில ஒண்ணுமே இல்ல. டியூப் வெடிச்சு ஆவி அவன் மேல அடிச்சிருச்சு. ரெண்டு கையும் வெந்துபோச்சுங்க. ஆஸ்பத்திரில அவன் பொண்டாட்டி வாயில ஊட்டி விட்டத நான் பாத்தேன். அன்னில இருந்து எனக்கு எதுலயும் மட்டம் கொறைஞ்சா மனசு தாங்காது. தண்ணித் தொட்டி, காஸ் சிலிண்டர், எதுவா இருந்தாலும் சரி. கொறையறதுக்கு முன்னால ரொப்பிரோணும். அது நோய்ன்னா நோய்தானுங்க.

பொண்ணுக்கும் அப்படித்தான். காலைல ஒருக்கா போன் பண்ணுவேன், பால் குடிச்சியா கண்ணு? மத்தியானம் ஒருக்கா, மாத்திரை போட்டியா? சாயங்காலம் ஒருக்கா, கால் வீங்கியிருக்குதா? வாராவாரம் பஸ்ல ஆள் மூலமா நெய்யி, பேரீச்சை, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் குடுத்து விடுவேன். ஒரு நாள் போன அவ மாமியாரே எடுத்துப்போட்டாங்க. "சம்பந்தி, நாங்களும் இங்க அடுப்புப் பத்த வெச்சுச் சோறுதான் பொங்கறோம்"னாங்க. அவங்களுக்கு நல்ல நகைச்சுவை. நான் சிரிச்சுட்டு, மாத்திரை விசயத்த அவங்க கிட்டயே கேட்டுட்டு வெச்சேன்.

மாப்பிள்ளை நவநீதன் இருக்காரே, அவரு காத்தாடி கம்பெனில இஞ்சினியருங்க. அதா, தூரத்துல சுத்துது பாருங்க, அதுதான். காத்துல ஓடற மிசினு. அதுக்குப் பெட்ரோலும் இல்ல, புகையும் இல்ல. அவரு எனக்குப் புகை சொல்லித் தர்றாரு. "மாமா, மேகலா சொன்னத ஒருக்கா செஞ்சு பாருங்க. இல்லைன்னா இந்தப் புகைல நான் அவள அனுப்ப மாட்டேன், கொழந்தைக்கு ஆகாது"ன்னு போன்ல சொன்னாரு. ரொம்ப மரியாதையாச் சொன்னாருங்க. மரியாதையாச் சொன்னா வலிக்காதுன்னு நெனைப்பு.

கட்டுச்சோறு நாள் வந்துச்சு. புளி சாதம், தக்காளி சாதம், தேங்காய் சாதம், எள்ளு சாதம், தயிர் சாதம், எல்லாம் ஏனத்துல கட்டிப் பின் சீட்டுல வெச்சாச்சு. சொந்தக்காரங்க வேன்ல. நானும் சரசும் கார்ல. கெளம்பறதுக்கு முன்னால மட்டம் பாத்தேன். கொறைச்சல். நல்ல காரியத்துக்குப் போறப்ப கொறைச்சலாப் போலாமுங்களா? நல்லா ஊத்தினேன். வழிக்கும் சேத்து இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். சரசு கேட்டுல நின்னு பாத்துட்டே இருந்தா. அவ அப்படி நின்னான்னா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும்.

உடுமலைல அவங்க தெருவுக்குள்ள திரும்பினனுங்க. பின்னால ஒரே சத்தம். கண்ணாடில பாத்தா தெருவே தெரியல, நீலமா ஒரு மேகம். அதுக்குள்ள இருந்து பொடிப் பசங்க பத்துப் பதினஞ்சு பேரு கூவிட்டு ஓடி வர்றாங்க. கொசு மருந்து அடிக்கற வண்டின்னு நெனைச்சுட்டாங்க. ஒரு அம்மா மாடில காயப் போட்ட துணிய எல்லாம் அவசர அவசரமா எடுக்கறாங்க. சம்பந்தியம்மா வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்னவங்க, தட்ட முந்தானைல மூடினாங்க. எல்லாருமே நல்லாப் பேசினாங்க, ஒருத்தரும் புகையப் பத்தி வாயத் தொறக்கல. புளி சாதத்தச் சாப்பிட்டுப்போட்டு ஒரு பெரியவரு மட்டும், "வெறகடுப்புச் சமையலுங்களா, தனி வாசம் அடிக்குது"ன்னாரு.

அதையெல்லாம் தொடச்சுப் போட்டுட்டேன் தம்பி. வளையல் போட்டு, பூ வெச்சு, கட்டுச்சோறெல்லாம் முடிஞ்சு அவள வாசலுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கை நெறைய கண்ணாடி வளையல். நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் கதவத் தொறந்து வெச்சு நின்னேன். அவ எறங்கி வந்து, படில கால் வெச்சா, மூக்கப் பொத்தினா, அப்படியே தூண் ஓரமாப் போயி வாந்தி எடுத்துட்டா. பச்சைத் தண்ணி குடுத்து, முதுகத் தடவி, எல்லாரும் ஓடி வந்தாங்க. மாப்பிள்ளை மெதுவா வந்து என்ற வண்டிச் சாவியத் திருப்பி ஆஃப் பண்ணினாரு. "மாமா, மேகலா என் கார்ல வருவா. உங்க வண்டி இங்கயே நிக்கட்டும்"னாரு.

என்ற பொண்ண நான் கூட்டிட்டுப் போகல. அவரு கூட்டிட்டுப் போனாரு. நான் சொந்தக்காரங்க வேன்ல, கடைசி சீட்டுல, காலி ஏனங்களோட உக்காந்து வந்தேன். அவிநாசி வர்ற வரைக்கும், எட்டி எட்டிப் பாத்தா, முன்னால போற கார்ல அவ பின்னந்தலை, மல்லிகைப்பூ, தெரிஞ்சுட்டே வந்துச்சு. அழுதனான்னு கேக்காதீங்க.

நேத்து மாப்பிள்ளை போன் பண்ணினாரு. "மாமா, வண்டிய ரோட்டுல சமமா நிறுத்திப் பாத்தேன். மேல்கோட்டத் தாண்டி விரல் நீளத்துக்கு ஆயில் இருந்துச்சு. ஜாஸ்தியா இருந்தத வடிச்சிட்டேன். குடிமங்கலம் வரைக்கும் ஓட்டினேன், மொதல்ல கொஞ்சம் வந்துச்சு, பொறவு துளி புகை இல்ல. ரிங்கும் நல்லா இருக்குது, சீலும் நல்லா இருக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க"ன்னாரு.

வடிச்சிட்டாராம். ஒருத்தர் வண்டில கைய வெச்சு, இருக்கறத எடுத்துட்டு, நல்லாருக்குதுன்னு சொன்னா ஒத்துக்க முடியுங்களா? காத்தாடிக்காரருக்கு ஆயில் அருமை எப்படித் தெரியும்?

போன வெச்சதும் மேகலா வந்து பக்கத்துல உக்காந்தா. என்ற கையப் புடிச்சு அவ வயித்து மேல வெச்சுக்கிட்டா. உள்ள ஒரு உதை விட்டுதுங்க. "அப்பா, ஒரு சத்தியம் பண்ணுங்க"ன்னா. "இனிமே அந்த ஆயில்ல ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. இந்தக் கொழந்தைய அந்த வண்டிலயே கொண்டாரலாம், அவரும் சரின்னுட்டாரு. ஆனா புகை வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரில இருந்து நான் கொழந்தையோட நேரா உடுமலைக்கே போயிருவேன். அவிநாசிப் பக்கமே வர மாட்டேன்"னா. "கொறைஞ்சாத்தான் உங்களுக்குப் பயம்ப்பா. ஜாஸ்தியானாலும் பொகையும். அது உங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது"ன்னா. என்ன சொல்ல வர்றான்னு எனக்கு வெளங்கல. மாசமா இருக்கற புள்ள, ஏதோ பேசுது. சரி கண்ணுன்னு சத்தியம் பண்ணிப்போட்டேன்.

பண்ணின சத்தியத்த நான் மீறறவன் இல்லீங்க. ஊத்தக் கூடாதுன்னுதான சொன்னா? பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. சும்மா குச்சிய உருவிப் பாப்பேன். பாத்து, கொறைஞ்சிருந்துச்சுன்னா? இருக்கும், எப்படியும் இருக்கும். அவருதான் வடிச்சிட்டாரே. அப்படி இருந்தா வழிக்கு மட்டும் ஒரு அரை லிட்டரு. அதுக்குத்தான் இந்த டப்பா. காலைல கெளம்பறப்ப மேகலா, பைல என்னப்பான்னு கேட்டா. மாப்பிள்ளைக்கு முறுக்குன்னேன். நான் முறுக்குன்னதும் சரசு முகத்தத் திருப்பிக்கிட்டா.

நீங்க என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஏதாவது சொல்லுங்க. இல்ல, வேண்டாம், நீங்களும் எனக்கு மட்டம் சொல்லித் தர ஆரம்பிச்சிருவீங்க.

அட, பேச்சுல உடுமலை வந்துருச்சே. அதா, ஸ்டாண்டுக்கு வெளில, பேக்கரிக்கு முன்னால, நம்ம வண்டிதான். தொடச்சுப் பளபளன்னு வெச்சிருக்காரு. பக்கத்துல நிக்கறது மாப்பிள்ளை. மேக்கே பாத்து நிறுத்தியிருக்காரு பாருங்க, அதுவே அவருக்குத் தெரியல. நல்ல சமமான எடம்தான், ஒத்துக்கறேன்.

இஞ்சின் ஓடுதுங்களா? சைலன்சர் மேல ஒட்டின வேப்பெலை ஆடுது பாருங்க, ஓடுது. புகை... வெயில்ல தெரியாதுங்க. நீலப் புகை வெயில்ல தெரியறது கஷ்டம். இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன்.

பின்னால அந்தப் பூக்காரம்மா உக்காந்திருக்குது, சைலன்சருக்கு நேரா. வெள்ளைப் பூவு. மூக்கக்கூடப் பொத்தல.

தம்பி, வழி விடுங்க, எறங்கறேன். வழித்துணைக்கு நல்ல ஆளா வந்தீங்க, பாதிக்கு மேல நான்தான் பேசினேன், இருந்தாலும். போயிட்டு வாங்க.

என்னங்க? என்னத்துக்கு ஜன்னல்ல இருந்து கையாட்டறீங்க? பையா? எந்தப் பை? சீட்டுக்கு அடிலயா? அது என்றது இல்லீங்க. எனக்கு முன்னால உக்காந்திருந்தவரு யாராவது விட்டுட்டுப் போயிருப்பாரு. டப்பா இருக்குதா? இருக்கும், அதுக்கு நான் என்ன பண்ணறது. கண்டக்டர் கிட்டக் குடுத்துருங்க, இல்ல நீங்களே வெச்சுக்கங்க. அட, சத்தம் போடாதீங்க தம்பி, மாப்பிள்ளை பாக்கறாரு.